கொப்பி மட்டையால் அளந்த ஏழு அங்குலம்

ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வரவிருக்கும் தங்கை, "அண்ணா, புதுக் கிண்டில் ஒன்று வாங்கி வரட்டுமா?" என்று கேட்டாள். கிண்டில் என்பது மின்நூல் வாசிக்கும் கருவி. வினை அன்றிரவே தொடங்கியது. மூன்று இரவுகள் கைத்தொலைபேசியில் ஒப்பீட்டுக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினேன். அந்த மூன்று இரவும் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

என்னிடம் இருப்பது 2018இல் வெளிவந்த, ஆறு அங்குலத் திரைகொண்ட பேப்பர்வைட் வகைக் கிண்டில். 2019இல் அவள்தான் கொண்டுவந்து தந்தாள். அதற்குப் பெரும்பாலும் வேலை, பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் நான் பாடசாலைக்குப் போய்வரும் பஸ்ஸில்தான். தருமபுரம் வரை கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் வாசிப்பேன். விசுவமடுவில் ஆட்கள் இறங்கினால் உட்கார்ந்து வாசிப்பேன். யன்னல் வெயில் நேராக விழுந்தாலும் எழுத்து மங்காது. இந்தத் திரை தாளைப்போல, தன்மேல் விழும் வெளிச்சத்தில்தான் தெரிகிறது. முன்விளக்கை அணைத்துவிட்டால் பக்கம் மாறும் நொடியில் மட்டுமே திரை மின்சாரம் கேட்கும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, வீட்டில் தொலைபேசிகள் எல்லாம் செத்துக் கிடக்க, இது ஒன்றுதான் விழித்திருந்தது. மழை விட்ட இரவுகளில் மட்டும் தொல்லை. வெளிச்சத்துக்கு வந்த ஈசலைத் தட்டப் போனால் பக்கம் புரண்டுவிடும்.

இப்போது அது கிழடு தட்டிவிட்டது. முன்பு மூன்று வாரம் தாங்கிய சார்ஜ் இன்று ஆறு நாள்தான் நிற்கிறது. குற்றம் என்னுடையது. விடுமுறை நாட்களில் தோட்டத்துக்குப் போகும்போது, வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள் எத்தனை தடவை அதை வேகவிட்டிருப்பேன்! லிதியம் மின்கலத்துக்குச் சூடு ஆகாது என்பது எனக்குத் தெரியாததல்ல. அடுத்தது வயர். போன மாதம் பழைய மைக்ரோ யூஎஸ்பி வயர் அறுந்துபோக, கிளிநொச்சியில் நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் டைப் சி. கடைசிக் கடைக்காரத் தம்பி மேசைக்கு அடியிலிருந்து ஒரு மட்டைப் பெட்டியை இழுத்து, தூசி தட்டி, "இதை இப்போது யாரும் கேட்பதில்லை அண்ணை" என்று ஒன்றை எடுத்துத் தந்தான்.

ஆனால் என்னை உண்மையில் சபலப்படுத்தியது மின்கலமும் அல்ல, வயரும் அல்ல. அப்பா சேர்த்து வைத்திருந்த இரண்டு இரும்புப் பெட்டிப் புத்தகங்கள் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. அவற்றில் சிலவற்றை 'நூலகம்' இணையத்தளத்தில் மறுபடி கண்டேன். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அவர்கள் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். அவை பக்கத்தைப் படமெடுத்த பிடிஎஃப் கோப்புகள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிந்து வராது. பெரிதாக்காமல் விட்டால் பக்கம் முழுவதும் திரைக்குள் சுருங்கி எறும்பு வரிசையாகிவிடும். புதுக் கிண்டிலின் ஏழு அங்குலத் திரை இதைத் தீர்க்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுகோலை எடுத்தேன். 2024இல் வந்த பேப்பர்வைட்டின் திரை அளவான 10.7 சென்ரிமீற்றர் அகலம், 14.2 உயரத்துக்கு மகளின் பழைய கொப்பி மட்டையை வெட்டி என் கருவிமேல் வைத்துப் பார்த்தேன். என் திரையின் அகலம் 9.1. ஒன்றரைச் சென்ரிமீற்றர் சொச்சம்தான் கூடுதல். எழுத்தின் கூர்மை இரண்டிலும் ஒன்றே, அங்குலத்துக்கு 300 புள்ளி. அலுமாரியில் இருந்த பழைய நூலொன்றையும் அளந்தேன்: பக்கம் 12.5 அகலம், அச்சுப் பகுதி 9 மட்டும். மிச்சமெல்லாம் வெள்ளை ஓரம்! ஓரத்தை வெட்டினாலே அச்செழுத்து அதன் சொந்த அளவில் என் திரையின் அகலத்துக்குள் அடங்கும். கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் அந்த வெட்டு வேலையைச் செய்தது. பக்கத்தை மேல் பாதி, கீழ் பாதியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பழகிவிட்டது.

திரை வெளிச்சத்தை மஞ்சளாக்கும் வசதி எனக்கும் ஆசைதான். 2021 முதல் வந்த பேப்பர்வைட்டுகளில் உண்டு. 2024இல் வந்ததில் பக்கம் 25 சதவீதம் வேகமாகப் புரளுமாம். பஸ் குலுக்கலில் ஒரே வரியை மூன்று தரம் வாசிப்பவனுக்கு அது எதற்கு? அது வெளிவந்தபோது அமெரிக்க விலை 160 டாலர். 2019இல் டாலர் 180 ரூபாயை ஒட்டி இருந்தது; 2025இல் 300ஐ ஒட்டி. அந்தக் கணக்கில் ஏறக்குறைய 48,000 ரூபாய். தங்கை பணம் வாங்கமாட்டாள். ஆனாலும் கணக்கு கணக்குதான்.

படமெடுத்த நூல்களையே முழுநேரமும் வாசிப்பவர்கள், புதிதாக வாங்குவதானால் ஆறா ஏழா என்று மண்டையை உடைக்கவேண்டாம். பத்து அங்குல வகைக்கே போங்கள், அல்லது இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவது கட்சி. மின்கலம் இரண்டு நாளுக்கு இறங்கினால் கட்சி மாறக்கூடும்.

தங்கைக்கு, "மைக்ரோ யூஎஸ்பி வயர் இரண்டு போதும்" என்று எழுதினேன். "அதற்காகவா நான் அங்கிருந்து வருகிறேன்?" என்று பதில் வந்தது. பிள்ளைகளுக்குச் சொக்லேட்டும் என்று சேர்த்து அனுப்பினேன்.