சின்னத் தொட்டிக்கு 'ஆட்டோமேட்டிக்' ஹீட்டர்: என் தலையில் கட்டிய கதை

சின்ன மீன்தொட்டிக்கு ஹீட்டர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் பேச்சு அந்தக் கடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்று திசைமாறிவிடும். எனக்கு வேண்டியதெல்லாம் இதே சரக்கு இன்னொருவர் வீட்டுத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது என்பதுதான்.

என்னுடையது 20 லிட்டர் தொட்டி. ஒரு ஃபைட்டர் மீன், கூடவே கொஞ்சம் நியான் டெட்ரா மீன்கள். நியானுக்கு 22 முதல் 26 டிகிரி வரை ஒத்துக்கொள்ளும், ஃபைட்டருக்கு 24 முதல் 28 வரை. 25-இல் நிறுத்தி வைத்தால் இரண்டுக்கும் சரி. இதையெல்லாம் சொல்லித்தான் கடையில் கேட்டேன். விற்பனையாளர் எடுத்து நீட்டியது 100 வாட் ஹீட்டர்.

லிட்டருக்கு ஒரு வாட் என்பது மீன் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அறை ரொம்பக் குளிர் என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். என் தொட்டிக்கு 25 வாட் போதும் என்றேன். பதில் தயாராக இருந்தது: "பெரிசுன்னா சட்டுனு சூடாக்கிட்டு நின்னுடும் சார், கரண்ட்டும் மிச்சம். எல்லாம் ஆட்டோமேட்டிக், மாட்டிட்டு மறந்துடலாம்."

கரண்ட் மிச்சம் என்பது சும்மா அளப்பது. தொட்டி எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறதோ அவ்வளவைத்தான் எந்த ஹீட்டரும் ஈடுகட்ட வேண்டும். பெரியது கொஞ்ச நேரம் எரியும், சின்னது கூடுதல் நேரம் எரியும், மீட்டரில் ஓடுவது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பழுதாகும்போது இரண்டும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 20 லிட்டருக்கு 84. அணையாமல் மாட்டிக்கொண்ட 100 வாட் ஹீட்டர் இதை 14 நிமிடத்தில் கொடுத்துவிடும். அதாவது மணிக்கு நான்கு டிகிரி, வெளியே போகும் சூட்டைக் கழித்தால் சற்றுக் குறைவு. அதே பழுது 25 வாட் ஹீட்டருக்கு வந்தால் ஒரு டிகிரி ஏறவே ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவும் அறையைவிடச் சில டிகிரி மேலே போய் அங்கேயே நின்றுவிடும். சின்னத் தொட்டிக்குப் பெரிய ஹீட்டரை விற்பவர் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய அந்த அவகாசத்தைப் பறித்துவிட்டுத்தான் விற்கிறார்.

கடையில் 'டெஸ்ட்' வேறு செய்து காட்டினார்கள். டப்பாவை அவர்களே பிரித்து, தண்ணீரில் வைக்காமலே பிளக்கைச் செருகினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. "பாத்தீங்களா, வொர்க்கிங்!" இதனால் தெரிவது கம்பி சூடாகிறது என்பது மட்டும்தான். அணைய வேண்டிய இடத்தில் அணைகிறதா என்பது தெரியாது. போதாக்குறைக்கு, கண்ணாடி ஹீட்டரைத் தண்ணீருக்கு வெளியே எரியவிட்டால் குழாய் விரிசல் விடக்கூடும்.

முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு காலையில் பார்க்கிறேன், நியான்கள் பாதிக்குமேல் மணலில் கிடக்கின்றன. ஃபைட்டர் மட்டும் மேலே வந்து வந்து காற்றை விழுங்குகிறது. ஹீட்டரோடு கடையில் கொடுத்த ஸ்டிக்கர் தெர்மாமீட்டர் 30 காட்டியது. கண்ணாடித் தெர்மாமீட்டரை உள்ளே விட்டால் 33. இந்த ஸ்டிக்கர் அளப்பது அது ஒட்டியிருக்கும் கண்ணாடியின் சூட்டைத்தான். ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் அறைக் காற்று என்றால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைத்தான் காட்டும். நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

நியான் போய் ஃபைட்டர் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை தங்கும், 33-இல் 7.2 அளவுக்கு இறங்கிவிடும். அதே நேரம் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். ஃபைட்டருக்குச் செவுள் போக, மேல்காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பும் இருக்கிறது. நியானுக்குக் கிடையாது.

கடைக்குப் போன் செய்தேன். உடனே ஐஸ் போடச் சொன்னார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சூட்டில் தப்பிய மீனைத் திடீர்க் குளிர் முடித்துவிடும். நான் பிளக்கைப் பிடுங்கினேன், மூடியை எடுத்தேன், ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைத்தேன், தண்ணீரின் மேல்பரப்பில் படும்படி மின்விசிறியைத் திருப்பினேன். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மணிக்கு ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி என்று மெதுவாக இறங்கியது. மீதி நியான்களில் சில தேறின.

மீன்களைத் தேற்றிவிட்டு ஹீட்டரைப் பக்கெட்டில் போட்டேன். பத்து லிட்டர் தண்ணீர், 22 டிகிரி, கலக்கிவிட ஒரு ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்), ஹீட்டரின் திருகு 25-இல். தண்ணீர் 25-ஐத் தொட்டது, விளக்கு எரிகிறது. 27, எரிகிறது. திருகைக் கடைசிவரை குறைத்து 20-க்குக் கொண்டுவந்தேன். நல்ல ஹீட்டரில் இந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், விளக்கு அணையும். இதில் சத்தமும் இல்லை, அணையவும் இல்லை. 31 ஆனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஆறியபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திருகுக்குக் கீழே கண்ணாடிக்குள் ஒரு மெல்லிய உலோகப் பட்டை தெரியும். இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்தது, சூட்டில் வளைந்து தொடர்பைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. அது தொடும் புள்ளி கருகி அப்படியே ஒட்டிப்போயிருந்தது. அது பழுது, எந்தப் பொருளுக்கும் வரும் என்று விட்டுவிடலாம். விட முடியாதது அடுத்துக் கண்ணில் பட்டது. சுவரில் ஒட்டும் ரப்பர் பிடிப்பைக் கழற்றினேன். அதன் மடிப்புகளுக்குள் வெள்ளை வெளேரென்று உப்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. கடின நீரில் மாதக்கணக்கில் கிடந்தால்தான் இப்படிப் படியும். என் தொட்டியில் இருந்த நாட்களுக்கு இவ்வளவு வர வழியே இல்லை. எனக்கு முன்னால் யாரோ வாங்கி, அவர்களுக்கும் ஏதோ ஆகித் திருப்பிக் கொடுத்த ஹீட்டர். கண்ணாடியை மட்டும் துடைத்துப் புது டப்பாவில் போட்டுப் புதிது என்று எனக்கு விற்றிருக்கிறார்கள்.

வாங்குபவர்கள் இதைச் செய்யுங்கள்: டப்பாவைக் கடைக்காரர் பிரிக்க விடாதீர்கள், ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்து நீங்களே பிரியுங்கள். ரப்பரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் போடாமல் பக்கெட்டில் ஒரு நாள் ஓடவிடுங்கள், திருகை ஏற்றி இறக்கி விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பிளக் செருகியிருக்கும்போது தண்ணீரில் கை வைக்க வேண்டாம். திருகே இல்லாத குட்டி ஹீட்டர்களில் சிலவற்றில் சூட்டைப் பார்த்துத் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட்டே கிடையாது, மாட்டிய நிமிடத்திலிருந்து எரிந்துகொண்டே இருக்கும். 'ஆட்டோமேட்டிக்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், எந்த டிகிரியில் அணையும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். முடிந்தால் தனி டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்றை இடையில் மாட்டுங்கள். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டாலும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். அதன் சென்சார் தண்ணீரிலிருந்து நழுவி வெளியே விழாதபடி இறுக்கமாக ஒட்டுவது முக்கியம். விழுந்தால் அறைக் குளிரைத் தண்ணீரின் குளிர் என்று நினைத்து ஹீட்டரை எரியவிட்டுக்கொண்டே இருக்கும்.

கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விளக்கு எரிவது கரண்ட் வருவதைக் காட்டத்தான் என்றார்கள். அப்படிச் சில மாடல்கள் உண்டு, ஆனால் இந்த ஹீட்டரின் அட்டையிலேயே 'சூடாகும்போது மட்டும் எரியும்' என்று இருந்தது. அதைக் காட்டினேன். உடனே தண்ணீர் சரியில்லை, அதனால்தான் மீன் செத்தது என்றார்கள். ரப்பரை எடுத்து மேசையில் வைத்துப் படிவைச் சுரண்டிக் காட்டியதும் பேச்சு மாறியது. வேறு ஹீட்டர் தருகிறோம் என்றார்கள், அதுவும் 100 வாட். பணம்தான் வேண்டும் என்று நின்றேன். கடைசியில் ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்தால் பணம் என்று ஒப்புக்கொண்டார்கள். பில்லும் பக்கெட் சோதனையின் வீடியோவும் கையில் இருந்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தது.

பணத்தை எண்ணி வாங்கியபின் கத்தரிக்கோல் கேட்டேன். எதற்கு என்று தெரியாமலே எடுத்துக் கொடுத்தார்கள். ஹீட்டரின் ஒயரைக் குழாயை ஒட்டி வெட்டிவிட்டு மேசையில் வைத்தேன். பொருளை வீணாக்கிவிட்டேன் என்று சத்தம் போட்டார்கள். அணையாத ஹீட்டரில் வீணாக என்ன இருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை.