கூட்ஸ் வண்டிக்கு 70-300: எல்லாம் நன்று, ஃபோகஸ் மட்டும் நிற்காது

பழைய லென்ஸ் சந்தையில் விலை இறங்கிவிட்டது, கூட்ஸ் எடுக்க வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆர் பற்றித்தான் பேச்சு: ஃபோகஸுக்கு ஸ்டெப்பிங் மோட்டார் வைத்த, 4.5-6.3 திறப்புள்ள, ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராக்களுக்கான மாடல்.

கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது. எடை 415 கிராம். எஃப்/8-ல் வைத்தால் 240 எம்எம் வரை என்ஜின் எண்ணும், அதன் மேல் எழுதியிருக்கும் ஷெட் (பராமரிப்புக் கொட்டகை) பெயரும் தெளிவாக விழும். 300-ல் கொஞ்சம் மழுங்கும். வெயில் ஏறித் தண்டவாளத்தின் மேல் கானல் ஆடத் தொடங்கினால் எந்த லென்ஸிலும் 300 வீண்தான், அந்தப் பழியை இதன் மேல் போடக் கூடாது. நிலக்கரி ஏற்றும் திறந்த பாக்ஸ்என் வேகன் 58 என்றால் ரேக், அதாவது வேகன்களின் முழுத் தொடர், சுமார் 620 மீட்டர். வளைவின் வெளியே, ரயில்வே எல்லைக்கு அப்பால் நின்றால் 70 முனையிலேயே நீளம் அழகாக மடங்கி வரும்.

வினை ஃபோகஸில். ஓமலூர்–மேட்டூர் அணை கிளைப்பாதையில் அனல் மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரி ரேக்குக்குப் பயணிகள் வண்டி போல அட்டவணை கிடையாது. சிக்னல் விழுந்தாலோ கேட் போட்டாலோதான் தெரியும். வந்த பிறகு ஆட்டோஃபோகஸை நம்பினால், அது ஹெட்லைட் வெளிச்சத்தில் தடுமாறும், அல்லது முன்னால் நிற்கும் மின்கம்பத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கம்பத்தின் எண் தகட்டில் முன்னதாகவே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்க வேண்டும்.

இதில் அதுதான் முடியாது. வளையம் மோட்டாருக்குக் கட்டளை அனுப்புவதோடு சரி, கண்ணாடியை நேராக நகர்த்துவதில்லை. பழைய கேமரா பாடிகளில் ஸ்டாண்ட்பை டைமர் ஓய்ந்து கேமரா தூங்கி எழுந்தால், ஃபோகஸ் வைத்த இடத்தில் இருக்காது. லென்ஸில் தூர அளவுகோலும் இல்லை, எங்கே போனது என்று பார்க்கவும் வழியில்லை. 60 மீட்டரில் 200 எம்எம், எஃப்/8 என்றால் கூர்மையாக விழும் பகுதி ஏறக்குறைய 48 முதல் 79 மீட்டர் வரைதான். 60 கி.மீ. வேகத்தில் வரும் என்ஜின் அதை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். அந்த நேரத்திலா ஃபோகஸைத் தேடுவது?

சமாளிக்கலாம். ஸ்டாண்ட்பை டைமரை மெனுவில் உள்ள அதிகபட்ச நேரத்துக்கு ஏற்றுங்கள். பேட்டரி வேகமாக இறங்கும், இன்னொன்று பையில் இருக்கட்டும். ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றி, கேட் மூடியதும் அதே தகட்டில் மறுபடி ஒருமுறை பிடித்து விரலை எடுத்துவிடுங்கள். ஷட்டர் 1/1000. அதிர்வு நீக்கியை அணைக்க லென்ஸில் சுவிட்ச் இல்லை, மெனுவில் அந்த வரி இல்லாத பழைய பாடியில் முக்காலி போட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

புதிய பாடிகளில் ஃபோகஸ் தொல்லை இல்லை, அவற்றை வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். நண்பர் கையில் இருப்பது பழைய பாடி. வேண்டாம். படம் ஒரு பிடி மழுங்கினாலும் பரவாயில்லை, கையால் திருப்பினால் கண்ணாடி நகரும் பழைய 70-300 ஒன்றைத் தேடிப் பிடித்து, வைத்த ஃபோகஸ் நகராமல் வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளட்டும்.