எல்இடி இண்டிகேட்டர் போடப் போய் 2,150 ரூபாய் அழுத கதை

அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், 1994 மாடல். இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, ஹார்ன் அடித்தால் இன்னும் தூங்கி வழிகிறது என்று, சேலத்தில் ஒரு ஆக்சசரீஸ் கடையில் நாலு இண்டிகேட்டருக்கும் எல்இடி போடக் கொடுத்தேன். கடைப் பெயர் வேண்டாம். இதே மாதிரி கடை உங்கள் ஊரிலும் இருக்கும்.

பல்பு, புது பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைக்கும் டப்பி), கூலி எல்லாம் சேர்த்து 900. பளிச்சென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இடது பக்கம் சுவிட்சைத் தள்ளினேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "எந்தப் பக்கம்யா போற?" என்று கத்தினார். இறங்கிப் பார்த்தால் நாலும் சேர்ந்து மின்னுகின்றன. வலது பக்கம் தள்ளினாலும் அதே கதை.

திரும்பப் போனேன். கடைப் பையன் சிரிக்கிறான். "அது ஹசார்ட் சார். புது வண்டியில இதுக்குன்னு தனி சுவிட்சே இருக்கு. உங்களுக்கு ஃப்ரீ."

நான் விடவில்லை. அப்புறம்தான் "லோடு பத்தல சார், ரெசிஸ்டர் போடணும்" என்று, எல்இடி இழுக்காத மிச்சக் கரண்டை இழுக்கும் ஒரு சின்ன உருப்படிக்கு 450 வாங்கினான். உண்மையைச் சொல்ல வேண்டும், அது வேலை செய்தது. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. நானும் நம்பிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஓமலூரிலிருந்து இரவில் வரும்போது, திரும்பிய பிறகு இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிட்டேன். கொஞ்ச தூரத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. ஃபியூஸ் போய்விட்டது. மறுநாள் கடையில் "வயரிங் பழசு சார், அதான்" என்று 800. மறுபடி ஃபியூஸ் போனால் முழு வயரிங்கையும் மாற்ற 3,500 ஆகுமாம். அந்தத் தொகையைக் கேட்டதும்தான் எனக்குப் புத்தி வந்தது.

வண்டியை வேறொரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் தள்ளிக்கொண்டு போனேன். அறுபது வயதிருக்கும். சைடு கவரைக் கழற்றி டேப்பைப் பிரித்தார். வயர் கட்டுக்கு நடுவில் தங்க நிறத்தில் இரண்டு ரெசிஸ்டர், சுற்றியிருந்த டேப் பாகு மாதிரி உருகி ஒட்டியிருந்தது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள். "இத யாரு தம்பி கட்டுனது?" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

அவர் சொன்னது இதுதான். மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இண்டிகேட்டர் பல்பு இருக்கும் வண்டிகளில், அந்தச் சின்ன பல்பு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவில் பாலம் மாதிரி நிற்கிறது. இடது பக்கம் போட்டால் கரண்ட் அந்தப் பாலத்தைத் தாண்டி வலது பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். பழைய 10 வாட் பல்பு அந்தச் சொற்ப கரண்டில் எரியாது. எல்இடிக்கு அதுவே தாராளம், எரிந்துவிடும். மீட்டர் பல்பை மட்டும் கழற்றிவிட்டு இண்டிகேட்டர் போட்டுப் பாருங்கள். எதிர்ப் பக்கம் அணைந்துவிட்டால் உங்கள் வண்டியிலும் இதே கோளாறுதான்.

ரெசிஸ்டர் அந்தத் திருட்டுக் கரண்டைத் தன் வழியே இழுத்துக்கொள்வதால் கோளாறு மறைந்துவிடுகிறது. ஆனால் 10 ஓம் ரெசிஸ்டர் 12 வோல்ட்டில் 14 வாட் தின்னும், என்ஜின் ஓடி 14 வோல்ட் வந்தால் 20 வாட்டை நெருங்கும். அத்தனையும் சூடு. சேஸிஸ் இரும்போடு போல்ட் போட்டு முடுக்க வேண்டியதை வயரோடு சேர்த்துக் கட்டினால் கருகாமல் என்ன செய்யும்? எல்இடி போட்டால் பேட்டரிக்கு மிச்சம் என்பார்கள், அதுவும் போச்சு.

அவர் ரெசிஸ்டர் இரண்டையும் வெட்டி எறிந்தார். மீட்டர் பல்பின் ஒரு முனையை எர்த்தில் கொடுத்தார். மறுமுனைக்கு இடது, வலது வயர்களிலிருந்து ஆளுக்கு ஒரு 4007 டயோடு, வெள்ளைக் கோடு பல்பைப் பார்த்திருக்கும்படி. டயோடு கரண்டை ஒரே திசையில்தான் விடும், அதனால் ஒரு பக்கத்துக் கரண்ட் மறுபக்கம் தாண்டாது. டயோடு இரண்டும் சேர்ந்து பத்து ரூபாய்கூட இல்லை. கருகிய வயரை மாற்றி, சரியான ஃபியூஸ் போட்டு, கூலி 200. அரை மணி நேரம்.

கடைக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். "நாங்க செஞ்சப்ப நல்லாத்தான சார் இருந்தது" என்றான். சரி, என் பழைய பிளாஷரையும் பல்புகளையுமாவது கொடு என்றால், குப்பையில் போய்விட்டதாம். கழற்றும்போதே கேட்டு வாங்கிப் பையில் போட்டிருக்க வேண்டும், என் தப்பு.

பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாராவது பதிந்திருப்பேன். என் கையில் இருப்பது அந்தக் கடையின் விசிட்டிங் கார்டு. அதன் பின்பக்கம் பேனாவால் 900, 450, 800 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிப் போட்டிருக்கிறான். கூட்டல் மட்டும் சரியாக இருக்கிறது.