சிறுநீரகக் கட்டிக்குப் புரதப் பரிசோதனை: திருமலைக் கிளையில் எதைக் கேட்டு வாங்குவது?

திருகோணமலை நகரில் உள்ள தனியார் ஆய்வுகூடக் கிளையொன்று, சத்திரசிகிச்சையில் அகற்றிய சிறுநீரகக் கட்டியை வாங்கிக் கொழும்புக்கு அனுப்பி, புரதச் சாயமேற்றலுடன் (இழையத்தில் குறிப்பிட்ட புரதங்கள் உண்டா என்று சாயத்தால் பார்ப்பது) அறிக்கை எடுத்துத் தருகிறது. அறிக்கை தரமானது. மாதிரியை வாங்கும் விதம்தான் கவலை தருகிறது.

கிளை தருவது குறுகிய வாயுள்ள 1 லீற்றர் போத்தல். சிறுநீரகமும் கட்டியும் 400 கிராம் என்றால், குறைந்தது 10 மடங்காக, 4 லீற்றர் போர்மலின் (இழையம் அழுகாமல் காக்கும் கரைசல்) வேண்டும். அதுவும் 10 சதவீத, நடுநிலைப்படுத்திய கரைசல். போர்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும், ஆழம் கூடக்கூட இன்னும் மெதுவாகும். வெட்டாமல் போட்ட சிறுநீரகத்தின் நடுப்பகுதி, திருமலை வெக்கையில் அதற்குள் சிதையத் தொடங்கிவிடும். புரதம் அழிந்த இழையத்தில் சாயம் ஏறாது. இருந்த புரதத்தையே இல்லை என்று எழுதிவிடுவார்கள். எனவே அன்றைக்கே நெடுக்காகப் பிளந்து, அகன்ற வாளியில் போடச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் சொல்லிவையுங்கள். சத்திரசிகிச்சையில் வெட்டிய விளிம்பு குழம்பக்கூடாது, கட்டி அதுவரை எட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கிளை ஊழியரிடம் அந்த வேலையை விடவேண்டாம். நீண்ட விடுமுறைக்கு முன்தினம் கொடுப்பதும் நல்லதல்ல: நாட்கணக்கில் போர்மலினில் ஊறினால் சில புரதங்கள் மறைந்துபோகும்.

அறிக்கையில் பக்ஸ்-8, சிஏ-9, சைட்டோகெரட்டின்-7, சிடி-117, பிஏபி-1 ஆகிய புரதங்களின் முடிவுகள் உண்டு. சிஏ-9 கல மென்சவ்வைச் சுற்றிலும் பிடித்தால் தெளிகல வகையின் (சிறுநீரகப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை) பக்கம் சாயும். பிஏபி-1 கட்டியின் கருக்களில் இல்லாமற்போவது தெளிகல வகையில் உயர் தரத்தோடும் குறைந்த ஆயுளோடும் சேர்ந்து வருவது. ஆனால் இப்புரதம் இயல்பாகவே இருக்கும், அருகிலுள்ள நிணநீர்க் கலங்களில் சாயம் ஏறியிருந்தால்தான் அந்த முடிவை நம்பலாம். இதை இவர்கள் தனி வரியாக எழுதுகிறார்கள், பாராட்டத்தான் வேண்டும்.

கலங்கள் பெருகும் அளவைக் காட்டும் கேஐ-67 புரதத்துக்குத் தனிக் கட்டணம். அது கூடினால் நோய் கடுமை என்பது சரி, ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்ட எல்லை அளவு இல்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். முதற்பக்கத்தை ஊன்றிப் படியுங்கள்: கட்டியின் நிலை, 1 முதல் 4 வரையான தரம், அளவு, இழைய இறப்பு, நிணநீர்க் கணு. தெளிகல வகை பின்னர் பரவும் வாய்ப்பைக் கணிக்க 2003இல் வெளிவந்த லைபோவிச் புள்ளிமுறை இந்த ஐந்தையே எடுக்கிறது, புரதம் எதையும் சேர்ப்பதில்லை.

இழையத்தைப் பதித்துவைத்த மெழுகுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள், பின்னாளில் நோய் பரவினால் உதவும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.