தோலில் தையல் துளை: சிசெலா, குத்தூசியா, வட்டப் பஞ்சா?

கையால் தோல் தைக்க ஆரம்பிக்கும் பலர் எந்தத் தோல், எந்த நூல், என்ன மெழுகு என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். துளையை எதைக் கொண்டு போடுவது என்பதை மட்டும் கடையில் என்ன இருக்கிறதோ அதற்கே விட்டுவிடுகிறார்கள். தைத்து முடித்த பர்ஸை யார் கையில் கொடுத்தாலும் அவர்கள் கண் முதலில் போவது தையல் வரிசைக்குத்தான். அந்த வரிசை நேராக இருக்குமா, கோணலாகப் போகுமா என்பது ஊசியை எடுக்கும் முன்பே, துளை போடும்போதே முடிவாகிவிடுகிறது.

துணியில் ஊசி தானே வழி செய்துகொள்ளும். தோலில் அது நடக்காது. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமிருந்தும் நுழைக்கும் சேணத் தையலுக்கு முனை மழுங்கிய ஊசிதான் வேண்டும். கூரான ஊசி என்றால், ஏற்கெனவே துளைக்குள் இருக்கும் நூலைக் குத்திப் பிளந்துவிடும். ஆகவே துளை முன்கூட்டியே இருந்தாக வேண்டும். அது ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான், துணி போலத் திரும்ப மூடிக்கொள்ளாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டு ஹோல்டர், பர்ஸ் போன்ற மெல்லிய வேலைக்கு சிசெல் என்கிற பல் இரும்பு போதும். பெல்ட், பை, கத்தி உறை என்று கனம் 4, 5 மி.மீ. தாண்டினால் சிசெலால் அடையாளம் மட்டும் போட்டுவிட்டு, ஒற்றை அலகுள்ள குத்தூசியால் துளையிடுங்கள். வட்டப் பஞ்ச் தோல் வாரால் பின்னுகிற வேலைக்கு. டிரில் கடைசி வழி.

சரி, சிசெல். முள் கரண்டி மாதிரி வரிசையாகப் பற்கள் உள்ள இரும்பு. ஒவ்வொரு பல்லும் சாய்சதுர வடிவில், சற்றுச் சாய்ந்து நிற்கும். தோலின் மேல் வைத்து நைலான் சுத்தியலால் தட்டினால் நான்கோ ஆறோ துளைகள் ஒரே அடியில், ஒரே இடைவெளியில் விழும். அடுத்த முறை வைக்கும்போது முதல் பல்லைக் கடைசித் துளைக்குள் நிறுத்திக்கொண்டால் இடைவெளி தவறவே தவறாது. புதிதாக ஆரம்பிப்பவர் முதல் நாளே பார்க்கும்படியான தையல் போட முடிகிறது என்றால் அதற்கு இந்தக் கருவிதான் காரணம். வளைவான இடங்களுக்கு இரண்டு பல் சிசெல் ஒன்று கூடவே வேண்டும். நீளமானதை வைத்து வளைவைச் சமாளிக்கப் பார்த்தால் வளைவு பலகோணமாகிவிடும்.

இதன் குறை கனத்தில்தான் தெரியும். பல் நுனியிலிருந்து மேலே போகப் போகத் தடிக்கும், அதனால் ஆழமாக இறக்க இறக்க முகப்பக்கத் துளை பெரிதாகிக்கொண்டே போகும். 0.6 மி.மீ. நூல் அந்தப் பெரிய துளையில் தொளதொளவென்று உட்காரும். இன்னொன்று, சிசெலைச் செங்குத்தாகப் பிடிப்பது சொல்வதுபோல் எளிதில்லை. 5 டிகிரி சாய்ந்தால் போதும், 6 மி.மீ. கனத்தில் பின்பக்கத் துளை அரை மி.மீ. விலகிவிடும். முன்பக்கம் அழகான கோடு, பின்பக்கம் அலை அலையாக ஒரு கோடு! விளிம்பிலிருந்து 3 மி.மீ.யில் தைக்கும்போது அந்த அரை மி.மீ. பளிச்சென்று தெரியும். அடித்த பிறகு பற்கள் உள்ளே சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது முன்னும் பின்னும் ஆட்டி இழுக்காதீர்கள், துளைகள் நீண்டுவிடும். தோலை ஒரு கட்டையால் அழுத்திக்கொண்டு நேராக மேலே இழுங்கள். அடிக்கும் முன் பற்களைத் தேன்மெழுகில் ஒருமுறை குத்தி எடுத்தால் பாதிப் பிரச்சினை வராது.

பார்க்க சிசெல் போலவே இருக்கும் இன்னொரு கருவி பிரிக்கிங் அயர்ன். ஐரோப்பியச் சேணப் பட்டறைகளிலிருந்து வந்தது. இதன் பற்கள் ஊடுருவிப் போவதற்கானவை அல்ல. முகப்பக்கத்தில் சாய்ந்த அடையாளம் பதிக்க மட்டுமே, துளையிடுவது குத்தூசியின் வேலை. விற்பவர்கள் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்பதால் வாங்கும் முன் பல்லின் நீளத்தையும் நுனியையும் பாருங்கள். இடைவெளி அளவுகளில் 3.38, 3.85 என்று விசித்திரமான எண்கள் வருவதற்கும் அந்த ஐரோப்பியப் பட்டறைகள்தான் காரணம். பழைய பிரெஞ்சு அங்குலம் 27.07 மி.மீ., அதில் எட்டுத் தையல் என்றால் 3.38, ஏழு என்றால் ஏறக்குறைய 3.87. பட்டறையில் யாரோ எப்போதோ எண்ணிய கணக்கு இன்றைய மி.மீ. அளவிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி குத்தூசி. தெருமுனையில் செருப்பு தைப்பவர் கையில் இருப்பதும் குத்தூசிதான், ஆனால் அதன் நுனியில் கொக்கி உண்டு. மேலிருந்து குத்தி, கீழே இருக்கும் நூலை அந்தக் கொக்கியில் மாட்டி அப்படியே மேலே இழுப்பார்கள். துளையிடுவதும் நூல் கோப்பதும் ஒரே அசைவு என்பதால் செருப்பைக் கையால் தைக்க அது மிக வேகமான வழி. அந்த வேகமும் கைத்திறனும் என்னை எப்போதும் நின்று பார்க்க வைக்கும். பர்ஸுக்குச் சேணத் தையல் போடுவதற்கு வேண்டியது வேறு வகை. கொக்கி இல்லாத, குறுக்குவெட்டில் சாய்சதுரமாக இருக்கும் அலகு.

இந்தக் குத்தூசிக்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறது. கை வலிக்கும், வழுக்கும், கோணலாகப் போகும் என்பார்கள். அதில் பெரும்பகுதி குத்தூசியின் குற்றமே இல்லை, தீட்டாத அலகின் குற்றம். கடையிலிருந்து வரும் அலகு பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருக்கும். 600, 1000, 2000 எண் உப்புத்தாள்களில் வரிசையாகத் தீட்டி, கடைசியில் பச்சைப் பாலிஷ் தடவிய தோல்பட்டையில் கண்ணாடி போல மினுக்கும்வரை இழுத்துப் பாருங்கள், அதே அலகு வெண்ணெய்க்குள் போவதுபோல் இறங்கும். வேலைக்கு நடுவிலும் அவ்வப்போது பட்டையில் நாலு இழுப்பு இழுத்துக்கொள்ள வேண்டும்.

குத்தூசி தரும் துளையை வேறெதுவும் தராது. தோலை வெட்டி எடுக்காமல் சின்னதாகக் கீறிக்கொண்டு போகிறது, எவ்வளவு ஆழம் இறக்குகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் அகலம். நூல் நுழைந்ததும் தோல் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், நூல் துளையின் சாய்வில் உட்கார்வதால் தையலும் அழகாகச் சாய்ந்து நிற்கும். இரண்டு தோல்கள் பெட்டியின் மூலை போலச் செங்குத்தாகச் சேரும் இடத்தில், முகப்பக்கம் வழியாக நுழைந்து விளிம்பு வழியாக வெளியே வரும் துளை வேண்டும். அங்கே சிசெலுக்கு இடமே இல்லை.

பழக நாளாகும், அதை மறைக்க முடியாது. தோலைக் கால்களுக்கிடையே வைக்கும் மரப் பிடியில் இறுக்கிக்கொண்டு, முன்பக்கம் அடையாளத்தின் சாய்வுக்கு அலகின் சாய்வைச் சரியாகப் பொருத்தி, மணிக்கட்டைத் திருப்பாமல் நேராகத் தள்ள வேண்டும். பின்னால் ஒரு கார்க் துண்டு கட்டாயம், விரலை வைத்துவிடாதீர்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சிசெல் என்றால் சத்தம். இரவு பத்து மணிக்குத் தட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். மேசையின் கால் நேராக இறங்கும் இடத்தில் கனமான கிரானைட் துண்டை வைத்து அதன் மேல் பிளாஸ்டிக் பலகை போட்டு அடித்தால் அதிர்வு குறையும், நிற்காது. குத்தூசிக்குச் சத்தமே கிடையாது.

வட்டப் பஞ்ச் தோலைத் துண்டாக வெட்டி எடுத்துவிடுகிறது. வரிசையாக 1 மி.மீ. வட்டங்கள் போட்டுத் தைத்தால் ஊசி சுலபமாகப் போகும், குழந்தைகளுக்குச் சொல்லித்தர நல்லது. ஆனால் தையல் சாய்ந்து நிற்காது, தட்டையாகக் கிடக்கும், நெருக்கமாகப் போட்டால் விளிம்பும் பலவீனமாகும். டிரில்லும் அதே கதைதான், கூடவே நாரைப் பிய்த்துக்கொண்டு வரும், வேகம் கூடினால் துளையின் ஓரம் கருகும். பல அடுக்கு ஒட்டிய 10 மி.மீ. கத்தி உறைக்கு மட்டும், மெல்லிய பிட் போட்டு, செங்குத்தாக நிற்கும் டிரில் ஸ்டாண்டில் வைத்துச் செய்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

தோலின் வகையும் முடிவை மாற்றும். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடும் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல், அதுபோன்ற மற்றத் தாவரப் பதனீட்டுத் தோல்கள் எல்லாம் விறைப்பாக நிற்கும். சிசெலும் குத்தூசியும் அதில் சுத்தமாக இறங்கும், துளை போட்ட இடத்திலேயே இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்டது, மென்மையானது, இழுபடும். மொட்டைக் குத்தூசியால் குத்தினால் தோலும் சேர்ந்தே உள்ளே போய்ப் பின்பக்கம் கூம்பாகப் புடைத்துவிடும். அதற்கு மெல்லிய பல் சிசெல்தான் என் தேர்வு, தோலுக்கு அடியில் கெட்டியான ஒரு துண்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கருவியானாலும் இரண்டு தோலையும் விளிம்பில் பசை போட்டு ஒட்டிய பிறகே துளையிடுங்கள். தனித்தனியாகப் போட்டு முதுகோடு முதுகு சேர்த்தால் ஒன்றின் சாய்வு இன்னொன்றுக்கு எதிராக நின்று, துளைகள் பெருக்கல் குறி போலக் குறுக்கிடும். வடிவத்தால் தனித்தனியாகத்தான் போட முடியும் என்றால், ஒரு பக்கத்துக்கு எதிர்ச்சாய்வுப் பற்கள் உள்ள இரும்பு வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு பல், ஆறு பல் சிசெல் ஒவ்வொன்று, சின்ன அலகுள்ள குத்தூசி ஒன்று, 0.8 மி.மீ. மெழுகு நூல். 4 மி.மீ. என்றால் அங்குலத்துக்கு ஆறு தையலுக்குக் கொஞ்சம் மேல், பர்ஸுக்கும் பைக்கும் இரண்டுக்கும் ஒத்துவரும். 3 மி.மீ.யில் தையல் நகை போல இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதில் சின்னத் தவறும் கண்ணில் குத்தும், நூலும் 0.6க்குக் கீழே இறங்க வேண்டிவரும். அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.