பூவார் பக்கம் மனை வாங்குகிறவர்களே, 'நிலம்' என்ற சொல்லைக் கவனியுங்கள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துப் பூவாருக்குப் போய் ஆற்றங்கரையில் மனை பார்க்கிற நம் ஆட்கள், தயவுசெய்து இதை வாசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நான் முழுப் பணமும் கொடுத்து, பதிவும் முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்து தவிக்கிறேன்.

ஏழு சென்ட். அகலம் 12 மீட்டர், ஆற்றை நோக்கி நீளம் 24 மீட்டர். செம்மண் அடித்து நிரவி நாலு தென்னங்கன்றும் நட்டிருந்தார்கள். ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், மலையாளத்தில். புரோக்கர் நம் ஊர்க்காரர்தான். விரல் வைத்து வாசித்துக் காட்டினார்: "பாருங்க அண்ணே, நிலம்னு தெளிவா போட்டிருக்கு." சரி என்று 8 சதவீத முத்திரைக் கட்டணமும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டினேன்.

கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டுகிற மேட்டுப் பூமி அங்கே 'புரையிடம்'. பிளானோடு பஞ்சாயத்துக்குப் போன அன்றுதான் இதைச் சொன்னார்கள். மறுநாள் மனையில் தோண்டிப் பார்த்தேன். இரண்டடி செம்மண், அதற்குக் கீழே கருஞ்சேறு, மக்கிய நெல்தாளின் வாடை.

2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வயலில் மண்ணடிப்பதே குற்றம். வகை மாற்ற ஆர்.டி.ஓ.விடமோ அதற்கு அதிகாரம் உள்ள துணை ஆட்சியரிடமோ மனு போட வேண்டும். அது கிடைத்தாலும் ஆறு இருக்கிறது. கடல் ஏற்றம் எட்டுகிற ஆற்றுக்கும் கடலோர மண்டல விதி உண்டு. அந்த விதி மூன்றாம் வகை என்று பிரித்திருக்கிற கிராமப் பகுதிகளில் 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அதுவரை புது வீடு கூடாது. 2019இல் 100 என்பது 50 ஆனது. என் மனையின் நீளமே 24 மீட்டர்! அளப்பதும் கண்ணில் தெரியும் தண்ணீரிலிருந்து இல்லை, கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டுகிற உயர் ஓதக் கோட்டிலிருந்து. எனக்கு மனையைக் காட்டியது பொழி, அதாவது ஆற்று முகத்து மணல்திட்டு, முறிந்து தண்ணீர் வடிந்திருந்த நாளில்.

"பக்கத்துல ரிசார்ட்டே இருக்கே" என்பார்கள். கொச்சி மரடில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடி வளாகங்களைத் தகர்த்தது இதே கடலோர விதியை மீறியதற்குத்தான். அவற்றுக்கும் பெர்மிட் இருந்தது.

வில்லேஜ் ஆபீசில் நிலவகை, கிருஷி பவனில் (விவசாய அலுவலகம்) வயல்களைப் பட்டியலிட்ட டேட்டா பேங்க், அப்புறம் கடலோர மண்டல வரைபடம். மூன்றையும் புரோக்கர் இல்லாமல், மலையாளம் வாசிக்கத் தெரிந்த உங்கள் ஆளோடு போய்ப் பாருங்கள்.

போன வாரம் என் மனைக்கு அடுத்த மனையில் கல் நட்டிருந்தார்கள். வாசலில் டி.என். 75 என்ற நம் மார்த்தாண்டம் பதிவெண்ணோடு ஒரு கார் நின்றது.