இறுகிப்போன நட்டுகளும் பழைய மாஸி 1035-ம்: பல வருட அனுபவம்

எங்கள் வீட்டு டிராக்டர் மாஸி பெர்குசன் 1035. டெல்டா வயலில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றுழவு ஓட்டியே பழகிய வண்டி, அதனால் துருவுக்குக் குறைவில்லை. பின்னால் கலப்பையை மாட்டும் லிங்க் பின்கள், அது பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின், பிரேக் பெடல் சாஃப்ட், சைலன்சர் பக்கம் புகைக்குழாயை இன்ஜினோடு பிடிக்கும் மேனிஃபோல்டு ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்) என்று ஏதாவது ஒன்று மாறி மாறி இறுகிக்கொண்டே இருக்கும். இத்தனை வருடம் கழற்றி மாட்டியதில் எது கைகொடுத்தது என்பதைச் சொல்கிறேன்.

எந்த ஆயில் நல்லது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆயிலுக்கு நான் மூன்றாம் இடம்தான் கொடுப்பேன். சூடு முதலில், சுத்தியல் அடுத்து. இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மரைக்கு நடுவே இருந்த இம்மியளவு சந்தும் அடைந்துபோன பிறகு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆயிலும் மேலேயே வழிந்து ஓடிவிடும். போல்ட்டின் தலையில் நேராக, அளவாகத் தட்டினால் துருவில் கீறல் விழும். அதற்குப் பிறகு விடும் ஆயில்தான் உள்ளே இறங்கும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டு, தட்டு, ஆயில் விடு, ராத்திரி முழுக்க ஊறவிடு, காலையில் மறுபடி தட்டு. லிங்க் பின்கள் பெரும்பாலும் இதற்கே அசைந்து கொடுத்துவிடும்.

ஆயிலில் எனக்குப் பிடித்தது, பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது. இரண்டும் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விடவேண்டும். அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். பெயிண்டையும் கெடுத்துவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டித் துருப்பிடிக்காமல் காப்பதற்காக 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவான சரக்கு. துருவுக்குள் ஊடுருவ அதே கம்பெனி தனியாக ஒன்று விற்கிறது. எதற்கு எது என்று டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

சூட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 20 மி.மீ. நட்டின் சூட்டை 300 டிகிரி ஏற்றினால் துளை 0.07 மி.மீ. விரியும். கேட்கச் சிறிதாக இருந்தாலும் துருவின் பிடி தளர அது போதும். சூடு நட்டுக்குத்தான் போகவேண்டும், போல்ட்டுக்கு அல்ல. கொஞ்சம் ஆறியதும் மரை தெரியும் இடத்தில் மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபட்டுப் போகும். மேனிஃபோல்டு ஸ்டட் முறிந்து, கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துவிடுவோம். அந்தச் சூடே மரையைத் தளர்த்திவிடும், திருப்பப் புது நட்டும் கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். டயரை ரிம்மிலிருந்து பிரிக்காமல் வீல் நட்டில் கேஸ் தீயைக் காட்டவே காட்டாதீர்கள். உள்ளே ரப்பர் வெந்து வாயு சேரும். வெளியே ஒன்றும் தெரியாது. திடீரென்று வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். வீல் நட்டுக்கு நீளமான பைப் போட்ட ஸ்பேனரும் பொறுமையும்தான் வழி.

ஸ்பேனர் விஷயமும் முக்கியம். இந்த வண்டியின் அடிப்படை பழைய பிரிட்டிஷ் டிசைன். பல இடங்களில் அங்குல அளவுதான். முக்கால் அங்குலத்துக்கு 19 மி.மீ. சரியாக உட்காரும். அரை அங்குலத் தலை 12.7 மி.மீ., அதற்கு 13 போட்டால் ஆட்டம் இருக்கும். இறுகிய நட்டில் அந்த ஆட்டமே முனையை உருட்டிவிடும். ஆறு முனை சாக்கெட் ஒரு செட் அங்குலத்தில் வாங்கிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது மேனிஃபோல்டு ஸ்டட்டுகளுக்குக் காப்பர் கிரீஸ் தடவுகிறேன். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் கருகிவிடும். கிரீஸ் போட்ட மரை வழுக்கிக்கொண்டு போகும், ஆகையால் வழக்கமான பலத்தைவிடக் குறைவாகத்தான் முறுக்கவேண்டும். வீல் நட்டுகளுக்கு இதைத் தடவுவதில்லை.

இப்போது அந்த ஸ்டட்டுகள் ரிங் ஸ்பேனருக்கே கழன்றுவிடுகின்றன. பிரேக் பெடல் சாஃப்ட் மட்டும் இன்னும் தொல்லைதான். சேற்றுழவு முடிந்த கையோடு கழுவி, கிரீஸ் ஏற்றும் நிப்பிளில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புது கிரீஸ் அடிக்காவிட்டால், அடுத்த போகத்துக்குள் மறுபடி இறுகிவிடுகிறது.